பிடரி வலியும் தலைசுற்றலும் சேர்ந்து வந்தால் என்ன செய்வது

பிடரியில் வலி, கூடவே கிறுகிறுப்பு என்றால் நம் பக்கத்தில் வாயில் முதலில் வருவது பித்தம், அடுத்தது கழுத்துச் சுளுக்கு. பல நேரம் ஆபத்தில்லாத காரணமாகத்தான் இருக்கும். நாள் முழுக்கக் குனிந்து நாற்று நட்டுவிட்டு சட்டென்று நிமிர்ந்தால் கண் இருட்டும், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நின்றால் மண்டை இடிக்கும், படுக்கையில் புரண்டு படுக்கும்போது மட்டும் ஒரு நிமிடத்துக்குள் சுற்றி நின்றுவிட்டால் அது பெரும்பாலும் காதுக் கோளாறு. ஆனால் மூளையின் பின்பகுதிக்குப் போகும் ரத்தம் குறைந்தாலும் ஆரம்பம் இதே மாதிரிதான் இருக்கும். அதனால் வலி எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிருப்பதைவிட, வலியோடு வேறு என்ன வந்திருக்கிறது என்று பாருங்கள்.

கழுத்தெலும்புகளின் ஓரத்துளைகள் வழியாக இரண்டு ரத்தக்குழாய்கள் ஏறி, மண்டைக்குள் ஒரே குழாயாகச் சேர்கின்றன. மூளைத்தண்டு, சிறுமூளை, பார்வையைக் கவனிக்கும் பின்மூளை எல்லாவற்றுக்கும் அங்கிருந்துதான் பாசனம். அதனால் இங்கே அடைப்பு வந்தால் நடை, பார்வை, பேச்சு, விழுங்குவது இவைதான் முதலில் கெடும். இதுவும் பக்கவாதம்தான், ஆனால் பக்கவாதம் என்றதும் நாம் தேடுகிற கோணின வாயும் தூக்க முடியாத கையும் இதில் இல்லாமலே போகலாம். குடும்பத்தில் எல்லோரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

சரி, வீட்டில் என்ன பார்ப்பது? முதலில் கட்டிலில் உட்காரச் சொல்லுங்கள், பிடிமானம் இல்லாமல் உட்காரவே முடியாமல் ஒரு பக்கம் சாய்ந்தால் அதற்கு மேல் எதையும் சோதிக்க வேண்டாம். உட்கார முடிந்தால், பக்கத்தில் ஆள் நின்றுகொண்டு நாலு அடி நடக்கச் சொல்லுங்கள். நேற்றுவரை வரப்பில் வாளியோடு போய்வந்தவர் இன்று சமதரையில் காலை அகட்டி வைத்துத் தள்ளாடினால் அது பித்தம் இல்லை. உங்கள் விரலைக் காட்டி ஒன்றா இரண்டா என்று கேளுங்கள். ஒரு பக்கம் மறைக்கிறதா, பேச்சு குழறுகிறதா, எச்சில் விழுங்கும்போது புரையேறுகிறதா, முகத்தில் ஒரு பக்கம் மரத்திருக்கிறதா என்றும் பாருங்கள். சுகர் மெஷின் இருந்தால் ஒரு சொட்டு எடுத்துவிடுங்கள், சர்க்கரை இறங்கினாலும் இப்படியெல்லாம் ஆகும். இதெல்லாம் இரண்டு நிமிட வேலை.

இதில் ஒன்று புதிதாக இருந்தாலும் 108. இன்னொன்று, வேறு எதுவுமே இல்லாமல், வாழ்நாளில் வராத அளவு வலி நொடியில் இடி மாதிரி இறங்கினாலும் 108தான், அது ரத்தக்கசிவாக இருக்கலாம். வண்டி வருவதற்குள் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், அடைப்பா கசிவா என்று ஸ்கேன் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. பிரஷர் ஏறியிருக்கிறது என்று கூடுதலாக ஒரு மாத்திரை போடுவதும் வேண்டாம், ஏனென்றால் திடீரென்று பிரஷர் இறங்கினால் இருக்கிற கொஞ்ச ரத்தமும் மூளைக்கு ஏறாது. சுக்குக் கஷாயமோ தண்ணீரோ வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடலாம். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று கண்டிப்பாகக் குறித்துக்கொள்ளுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும், கணக்கு அந்த நேரத்திலிருந்து தொடங்குகிறது. வேதாரண்யம் பக்கத்திலிருந்து தஞ்சாவூருக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்போது, வழியில் ஒவ்வொரு கிளினிக்காக இறங்கி டிரிப் ஏற்றிக்கொண்டு போக நேரம் கிடையாது. சிடி ஸ்கேனும் அவசர சிகிச்சையும் இருக்கிற இடத்துக்கு நேராகப் போங்கள், தஞ்சாவூர், திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் மாதிரி. நேரம் தாண்டிவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடவும் வேண்டாம், பெரிய குழாய் அடைப்பு என்றால் கம்பி செலுத்தி எடுக்கும் சிகிச்சை சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட உண்டு.

அங்கே போய் வெறுமனே "தலைவலி" என்று சொல்லாதீர்கள். "இத்தனை மணிக்குத் தலை சுற்றியது, நடக்க முடியவில்லை, இரண்டிரண்டாகத் தெரிகிறது" என்று சொல்லுங்கள். பின்மூளை அடைப்பு ஆரம்பத்தில் சிடியில் தெரியாமல் போவது சகஜம், எம்ஆர்ஐகூடச் சில நேரம் முதல் நாளில் தவறவிடும். ஸ்கேன் நார்மல் என்ற பிறகும் தள்ளாட்டம் இருந்தால் திரும்பக் கேளுங்கள், கேட்பதில் மரியாதைக் குறைச்சல் ஒன்றுமில்லை. பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டாலும் அன்றைக்கே போய்க் காட்ட வேண்டும், முழு அடைப்பு அடுத்த ஒன்றிரண்டு நாளில் வருகிற வாய்ப்பு அப்போதுதான் அதிகம்.

அப்புறம் இந்தக் கழுத்தெலும்புத் தேய்மானம். நாற்பது, ஐம்பது வயதுக்கு மேல் எக்ஸ்ரே எடுத்தால் பாதிப் பேருக்கு மேல் ஏதாவது தேய்மானம் தெரியும். அது ரத்தக்குழாயை நசுக்கி மூளைக்கு ரத்தம் குறைவது அபூர்வம். கழுத்துக்குப் பட்டை போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்துவிட்டு, பிரஷர், சுகர், பீடி, சிகரெட் இவற்றைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள், உண்மையில் குழாயைக் கெடுப்பது அவைதான். அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, வாங்கி டப்பாவில் அடுக்காமல் சாப்பிட வேண்டும்.

வயது குறைந்தவர்களுக்கு இந்த அடைப்பு வேறு ஒரு வழியிலும் வரும். கழுத்தைச் சடக்கென்று திருப்பினால் குழாயின் உள்சுவர் கிழிந்து ரத்தம் கட்டலாம், வலி இன்று வந்து பக்கவாதம் சில நாள் கழித்தும் வரலாம். அடிக்கடி நடப்பதில்லை, ஆனால் நடக்கிறது. சுளுக்கு எடுப்பவரிடம் தைலம் தேய்க்கச் சொல்லுங்கள், திருகச் சொல்லாதீர்கள். சலூனில் முடி வெட்டி முடித்ததும் தாடையில் ஒரு கை, உச்சியில் ஒரு கை வைத்துச் சொடக்கெடுக்க வந்தால், "வேணாண்ணே, விடுங்க" என்று சொல்லி எழுந்துவிடுங்கள்.