பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 ஏற மறுத்தால்

விண்டோஸ் 11 போடும்போது ‘இந்தக் கணினியில் இயங்காது’ என்று வந்தால், பென்டிரைவை ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளில் தயார் செய்யுங்கள். ரூஃபஸில் ஸ்டார்ட் அழுத்தியதும் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட் (கணினி தொடங்கும்போது நடக்கும் பாதுகாப்புச் சோதனை), 4 ஜிபி ரேம் நிபந்தனைகளை நீக்கும் கட்டத்தில் டிக் செய்து, அந்தப் பென்டிரைவிலிருந்தே பூட் செய்யுங்கள். பென்டிரைவில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், முதலில் காப்பி எடுத்துவிடுங்கள்.

வழிமறிப்பது இன்ஸ்டாலர் செய்யும் சோதனை மட்டுமே. அதைத் தாண்டிவிட்டால் விண்டோஸ் டிபிஎம் இல்லாமலும் ஓடும். வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை ஜெராக்ஸ் கடைகளில் இன்னும் உழைக்கும் ஆறாம், ஏழாம் தலைமுறை ஐ3, ஐ5 பெட்டிகளுக்கு இது போதும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால் பலருக்கு இப்போது தேவைப்படும்.

இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல் என்றால் இந்த வேலையே வேண்டாம். பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) பிடிடி என்பதை, அதாவது இன்டெல்லின் உள்ளமைந்த டிபிஎம்மை, ஆன் செய்தாலே பெரும்பாலும் வழிவிடும். பல போர்டுகளில் அது ஆஃப் ஆகித்தான் வரும்.

கோர் 2 டுவோ என்ற மிகப் பழைய இன்டெல் சிப்புக்கு இது பலிக்காது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு முதல் எஸ்எஸ்இ 4.2, பாப்கவுண்ட் கட்டளைகள் இல்லாத சிப்பில் விண்டோஸ் பூட்டே ஆகாது, எந்த டிக்கும் உதவாது. அதற்கு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போடுவதே புத்திசாலித்தனம். தடையை மீறிப் போட்ட கணினிகளுக்கு மைக்ரோசாஃப்ட் அப்டேட் உத்தரவாதம் தருவதில்லை. வருடாந்திரப் பெரிய அப்டேட்டைப் பெரும்பாலும் நீங்களேதான் இதே முறையில் ஏற்ற வேண்டியிருக்கும்.