செயின்ட் ஆண்ட்ரூஸை நடந்தே பார்க்க

ஸ்காட்லாந்தின் இந்தக் கடற்கரை ஊருக்குள் ரயில் வராது. லூக்கர்ஸில் இறங்கிப் பேருந்து பிடியுங்கள். கோல்ஃப் மைதானத்தை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, முதலில் கதீட்ரல் இடிபாடுகளுக்குப் போங்கள். 1318-இல் ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸ் முன்னிலையில் அர்ப்பணிக்கப்பட்ட இடம். அருகில் 33 மீட்டர் உயர செயின்ட் ரூல் கோபுரம்.

அப்புறம் கோட்டை. என் கணக்கில் ஊரிலேயே இதுதான் முக்கியம். 1546-இல் உள்ளே புகுந்து கத்தோலிக்கத் திருச்சபைத் தலைவர் கார்டினல் பீட்டனைக் கொன்றவர்கள், அங்கேயே அடைத்துக்கொண்டார்கள். முற்றுகையிட்டவர்கள் பாறையைக் குடைந்து வர, உள்ளிருந்தவர்கள் சத்தத்தை வைத்தே எதிர்ச்சுரங்கம் தோண்டிப் பிடித்தார்கள். இன்றும் அதில் இறங்கலாம். தோண்டியவர்கள் அவசரத்தில் இருந்தது தெரியும்: குனிந்தே நகர வேண்டும், தரை வழுக்கும், உளி பட்ட தடம் கைக்குத் தட்டுப்படும். முட்டி வலி உள்ளவர்கள் மேலேயே நின்றுகொள்ளுங்கள்.

கடைசியாக நார்த் தெரு. செயின்ட் சால்வேட்டர் தேவாலய வாசலில், கல் பாவிய தரையில் ‘பி.எச்.’ என்ற எழுத்துகள் இருக்கும். 1528-இல் புராட்டஸ்டன்ட் போதகர் பேட்ரிக் ஹாமில்டனை எரித்த இடம். அந்த எழுத்துகளை மிதித்த பல்கலைக்கழக மாணவர் தேர்வில் தேறமாட்டார் என்பது ஐதீகம். பரிகாரமும் உண்டு: மே 1 விடியலில் கடலில் ஒரு முழுக்கு. தண்ணீர் எலும்பை உறைய வைக்கும். எழுத்துகளைச் சுற்றிப் போவதே மேல்.