குளிர்காலத்துக்கு முன் குழுவாக மலையேறுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலையுதிர்காலத்தின் கடைசி வாரங்கள் மலையேற்றத்துக்கு அருமையானவை. பாதையில் கூட்டம் இருக்காது, வெயில் வாட்டாது. ஆனால் கோடைக்காலக் கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு கிளம்பும் குழுக்கள்தான் இந்தப் பருவத்தில் அதிகம் தடுமாறுகின்றன.

முதலில் நேரம். வட அரைக்கோளத்தில் செப்டம்பர் 22, 23 தேதிகளையொட்டித்தான் பகல் மிக வேகமாகக் குறைகிறது. 45 டிகிரி அட்சரேகைப் பகுதியில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 நிமிடம் போய்விடும். ஜூன் கடைசியில் போன அதே பாதைக்கு அக்டோபர் கடைசியில் போனால், சுமார் 5 மணி நேரம் வெளிச்சம் குறைவு. நடைநேரத்தைக் கணிக்க, ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892இல் சொன்ன விதி இன்றும் கைகொடுக்கும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். 900 மீட்டர் ஏற்றமுள்ள 15 கிலோமீட்டர் பாதைக்கு நாலரை மணி நேரம் ஆகும். இதில் ஓய்வு சேராது. குழுவில் வேகமாக நடப்பவரை மனத்தில் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கடைசியாக வருபவரின் வேகம்தான் குழுவின் வேகம்.

அந்தக் கடைசி ஆளுக்குத்தான் பெரும்பாலான குழுக்கள் அநியாயம் செய்கின்றன. முன்னால் போனவர்கள் பாறையில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். அவர் மூச்சுவாங்க வந்து சேர்ந்ததும், “வந்தாச்சா, கிளம்பலாம்” என்று எழுந்துவிடுவார்கள். ஓய்வு அதிகம் தேவைப்படுபவருக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. காத்திருந்தவர்களுக்கோ வியர்வை ஈரத்தில் உடம்பு விறைத்திருக்கும். மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள், பாதை தெரிந்த ஒருவர் கடைசியில் வரட்டும். பாதை பிரியும் இடங்களில் எல்லோரும் சேர்ந்த பிறகே நகருங்கள்.

பருத்தி உடை இந்தப் பருவத்துக்கு ஆகாது. நனைந்தால் லேசில் காயாது, உடம்புச் சூட்டையும் காக்காது. உள்ளே கம்பளியோ செயற்கை இழையோ, வெளியே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட்டும் இருக்கட்டும். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். நின்றவுடன் ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ளுங்கள், குளிரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் ஆபத்து. உறைபனி இல்லாத நாளிலும், மழையும் காற்றும் சேர்ந்தால் இது நடக்கும். பாதிக்கப்பட்டவருக்கே அது தெரியாது என்பதுதான் கொடுமை. “நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டால், “ஒண்ணுமில்லை” என்றுதான் பதில் வரும். அதனால் கேட்காதீர்கள், கவனியுங்கள். கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொடச் சொல்லுங்கள், ஜாக்கெட் ஜிப்பை அவரையே இழுக்கச் சொல்லுங்கள். விரல்கள் திணறினாலோ, பேச்சு குழறினாலோ, கால் பின்னினாலோ அதோடு ஏற்றத்தை நிறுத்திவிட்டு, காற்றுப்படாத இடத்தில் ஈர உடையை மாற்றிச் சூடேற்ற வேண்டும். உடம்பு சூடாகாமலே நடுக்கம் நின்றுவிட்டால் நிலைமை முற்றிவிட்டது என்று பொருள். உடனே மீட்புக் குழுவை அழையுங்கள்.

“யாராவது கொண்டுவந்திருப்பாங்க” என்ற நினைப்பு குழுக்களுக்கே உரிய வியாதி. தலையில் மாட்டும் விளக்கான ஹெட்லாம்ப் ஆளுக்கொன்று வேண்டும். செல்போன் வெளிச்சத்தை நம்பாதீர்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், போனை உள்சட்டைப் பையில் வையுங்கள். உதிர்ந்த இலைகளுக்கு அடியில் ஈரக் கல்லும் வேரும் மறைந்திருக்கும், நிழல் விழும் சரிவில் மெல்லிய பனிக்கட்டியும் இருக்கலாம்.

எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதை அடிவாரத்திலேயே முடிவுசெய்யுங்கள். உச்சி கண்ணில் பட்ட பிறகு “இன்னும் கொஞ்சம்தானே” என்றுதான் தோன்றும். திரும்பலாம் என்று ஒருவர் சொன்னாலே போதும், வாக்குவாதம் கிடையாது என்பதையும் அங்கேயே பேசிவிடுங்கள். எந்தப் பாதை, எத்தனை பேர், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் மீட்புக் குழுவை அழைக்க வேண்டும் என்பதை வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். இறங்கியதும் முதல் போன் அவருக்குத்தான்.