வளாக நேர்காணலில் வேலை கிடைக்காதவர்களுக்குத் தொழிற்பழகுநர் பயிற்சி

வளாக நேர்காணலில் தேர்வாகாத பொறியியல், பட்டயப் படிப்பு மாணவர்கள் அடுத்ததாக நாட வேண்டியது, 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ் உதவித்தொகையுடன் வழங்கப்படும் ஓராண்டுப் பயிற்சியே என்பது என் உறுதியான கருத்து. மத்திய அரசின் நாட்ஸ் (NATS, தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டம்) இணையதளத்தில் முதலில் பதிவு செய்துகொள்ள வேண்டும். தென்மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இயங்குகிறது. பதிவுக்கு முன், ஆதார் அட்டையிலும் மதிப்பெண் சான்றிதழிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றுபோல் உள்ளனவா என்று பாருங்கள், ஓரிடத்தில் 'க. செல்வி' என்றும் மற்றோரிடத்தில் தந்தை பெயர் முழுமையாகவும் இருந்தால் சரிபார்ப்பில் சிக்கல் எழக்கூடும்.

தன்விவரக் குறிப்பில் 'கடின உழைப்பாளி' என்று எழுதுவதைவிட, இறுதியாண்டுச் செயல்திட்டத்தில் நீங்களே செய்த பகுதியை, பயன்படுத்திய கருவியோடு இரண்டு வரிகளில் எழுதுவது மேல். நேர்காணல் கேள்விகள் பெரும்பாலும் அங்கிருந்தே பிறக்கும். பயிற்சிக்குப் பின் வேலை தர நிறுவனம் கடமைப்பட்டதன்று. ஆகவே கடைசி மாதங்களிலேயே பிற இடங்களுக்கும் விண்ணப்பிக்கத் தொடங்கிவிடுங்கள்.