யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவரை: நிதி திரட்டும் சைக்கிள் ஓட்டத்துக்கான பயிற்சி

நற்காரியமொன்றுக்கு நிதி திரட்டும் குழுவுடன் யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவரை சைக்கிளில் செல்ல ஒப்புக்கொண்டவர், சுமார் 140 கிலோமீற்றர் என்ற தூரத்தைவிடக் காற்றையும் வெயிலையுமே முதலில் கணக்கில் எடுக்க வேண்டும். ஏற்றம் இல்லாத குடாநாட்டில் பயிற்சி இலகு என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் ஏற்றம் இல்லாத இடத்தில் இறக்கமும் இல்லையாதலால், மிதிக்காமல் உருண்டு காலாறுவதற்கு வழியின்றி மணிக்கணக்காக ஒரே இருப்பில் மிதித்துக்கொண்டே இருக்க நேரும்.

ஏற்கெனவே சைக்கிள் ஓடிப் பழகியவருக்கு நான்கு மாதம் போதும். கிழமை நாட்களில் இருமுறை ஒரு மணிநேர ஓட்டமும், ஞாயிறு அதிகாலையில் ஒரு நீண்ட ஓட்டமும் என வைத்துக்கொள்ளலாம். நீண்ட ஓட்டத்தை 40 கிலோமீற்றரில் தொடங்கி, வாரத்துக்கு ஆறு ஏழு கிலோமீற்றருக்கு மேற்படாமல் கூட்டி, ஒவ்வொரு நான்காம் வாரமும் மூன்றிலொரு பங்கைக் குறைத்து உடலை ஆறவிட வேண்டும். 110 கிலோமீற்றரை ஒருமுறை தொட்டால் போதுமானது. கடைசி இரண்டு வாரங்களில் தூரத்தைக் கூட்டுபவர் களைப்பையே சேர்த்துக்கொள்கிறார்.

வைகாசி முதல் புரட்டாதிவரை சோளகம் எனும் தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில், யாழ். நகரின் பண்ணையிலிருந்து வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவானுக்குச் செல்லும் தாம்போதிகளே, அதாவது கடல்நீரை ஊடறுக்கும் பாதைகளே, நமக்கு மலை. போகும்போது காற்று முகத்தில் அடிக்கும். களைத்துத் திரும்பும்போது முதுகைத் தள்ளும். வடகிழக்குக் காற்று வீசும் வாடைக் காலத்தில் இதே காரணத்துக்காகப் பருத்தித்துறைப் பக்கம் போகலாம். எதிர்க்காற்றில் வழமையான வேகத்தைக் காப்பாற்ற முயல்வது வீண்: காற்றே இல்லாத வேளையிலும், வேகத்தை இரட்டிப்பாக்கக் காற்றுத் தடையை வெல்லும் வலு எட்டு மடங்கு தேவை. ஆகவே கியரைக் குறைத்து, பக்கத்தில் வருபவருடன் முழு வாக்கியமாகப் பேசக்கூடிய அளவில் மூச்சை வைத்திருப்பதே அளவுகோலாகட்டும். ஓட்ட நாளில் பளைக்கு அப்பால் ஆனையிறவு வெளியில் நிழல் கிடையாது. பரந்தனிலிருந்து பாதை தெற்கே போவதால் சோளகம் வலப்புறம் முன்னிருந்து அடிக்கும். விளக்குகளுடன் காலை ஐந்து மணிக்கே புறப்பட்டால் அந்த வெளியை வெயில் ஏறுமுன் கடந்துவிடலாம். குளிர் நாடுகளிலிருந்து வந்து கலந்துகொள்ளும் உறவினர்கள், அங்கே எவ்வளவு பயிற்சி செய்திருந்தாலும், பத்துப் பதினான்கு நாட்கள் முன்னதாக வந்து இந்த வெக்கைக்கு உடலைப் பழக்குவது அவசியம்.

இருக்கையின் உயரம் தவறினால் முழங்கால் நோகும். குதிக்காலை மிதியில் வைத்து அதனை அடிக்குக் கொண்டுசெல்லும்போது கால் நேராக நீண்டால் உயரம் சரி. பஞ்சு வைத்த சைக்கிள் காற்சட்டைக்குள் உள்ளாடை அணியக் கூடாது. அதன் தையலே தோலை உரசிப் புண்ணாக்கும்.

ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து உடலுக்கு வேண்டும். விலை கூடிய பொதிகளைத் தேடாமல் வாழைப்பழமும் பனங்கட்டியும் எள்ளுருண்டையும் எடுத்துச் செல்லலாம். பசிக்குமுன் உண்ண வேண்டும், ஓட்ட நாளில் உண்ணப்போவதைப் பயிற்சியிலேயே உண்டு பார்த்திருக்க வேண்டும். மணிக்கு அரை முதல் முக்கால் லீற்றர் நீரைச் சிறுகச் சிறுக அருந்தலாம். வியர்வையில் உப்பும் போவதால், வெறும் நீரை அளவுக்கு மீறிக் குடிப்பது இரத்தத்தின் உப்பை ஆபத்தாகக் குறைக்கும். ஒரு போத்தலில் ஜீவனி எனும் உப்பு-சர்க்கரைத் தூளைக் கரைத்து வைப்பது நல்லது.

குழுவில் ஓடும்போது முன்னவரின் பின்சில்லுக்குப் பக்கவாட்டில் உங்கள் முன்சில்லைக் கொண்டுசெல்லாதீர்கள்; அவர் சற்று விலகினாலும் விழுபவர் நீங்களே. மாற்று ரியூப், காற்றடிக்கும் பம், ரயரைக் கழற்றும் லீவர்கள் ஆகியவை ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். செயினுடன் சேர்ந்த பின்சில்லைக் கழற்றிப் பூட்டுவதுதான் கடினமாதலால், அதை வீட்டு முற்றத்தில் கை பழகும்வரை செய்து பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.