மின்தடைக்குப் பின் எழாத லினக்ஸ் கணினி: என் அனுபவம்

கோத்தகிரியில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் நாள்களில் மரம் விழுந்து மின்கம்பி அறுவதும், கணினி பாதி வேலையில் அணைவதும் வழக்கம். சென்ற ஆடியில் அவ்வாறு அணைந்த என் லினக்ஸ் மின்ட் கணினி, மின்சாரம் வந்தபின் முகப்புக்குச் செல்லாமல், கறுப்புத் திரையில் அடைப்புக்குறிக்குள் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சொல்லோடு நின்றுவிட்டது. கணினி எழும்போது முதலில் இயங்கும் சிறிய தற்காலிக அமைப்பின் பெயர் அது. இந்நிலையில் பலர் இயங்குதளத்தையே மீண்டும் நிறுவிவிடுகிறார்கள். அது தேவையற்றது, கோப்புகளையும் இழக்க நேரிடலாம்.

கோப்பு முறைமையில் முரண்பாடு இருப்பதாகத் திரையில் தெரியும் வரிகளிலேயே பழுதுபட்ட பகிர்வின், அதாவது வன்தட்டில் பிரிக்கப்பட்ட பகுதியின், பெயரும் இருக்கும். என் கணினியில் அது எஸ்டிஏ2. கோப்பு முறைமையைச் சோதித்துத் திருத்தும் எஃப்எஸ்சிகே கட்டளையுடன், எல்லாக் கேள்விகளுக்கும் ஆம் என்று தானே விடையளிக்கும் ஒய் விருப்பத்தையும், வட்டு முதலிய சாதனங்களைக் குறிக்கும் டெவ் அடைவோடு அந்தப் பெயரையும் சேர்த்துத் தட்டினேன். அந்தப் பகிர்வு அப்போது ஏற்றப்படாமல் இருப்பதால்தான் இது பாதுகாப்பானது. பயன்பாட்டில் உள்ள பகிர்வில் இதை ஒருபோதும் செய்யக்கூடாது. திருத்தம் முடிந்து எக்ஸிட் என்று தட்டியதும் கணினி வழக்கம்போல் எழுந்தது.

பிறகு ஸ்மார்ட்மான்டூல்ஸ் தொகுப்பை நிறுவி, ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையால் வன்தட்டின் நலத்தையும் பார்த்தேன். மாற்றப்பட்ட பிரிவுகள் (பழுதானதால் உதிரி இடத்துக்கு மாற்றப்பட்டவை), நிலுவையிலுள்ள பிரிவுகள் (சரியாகப் படிக்க முடியாமல் ஐயத்தில் உள்ளவை) ஆகிய இரண்டின் எண்ணிக்கையும் 0 என்றே இருந்தது. அவ்வெண்கள் ஏறத் தொடங்கியிருந்தால், வேறெதையும் செய்யுமுன் கோப்புகளை வேறொரு வட்டுக்கு நகலெடுத்துவிட வேண்டும்.