பிக்கப் வண்டி உதறுகிறதா? எந்த வேகத்தில் என்று பாருங்கள்

ஆக்சிலரேட்டரை மிதித்ததும் பிக்கப் வண்டி உதறினால், எதையும் கழற்றும் முன் எந்த வேகத்தில் உதறுகிறது என்று கவனியுங்கள்.

நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது மட்டும் என்றால், என் சந்தேகம் முதலில், கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் மேல்தான். எஞ்சினை அணைத்து, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஷாஃப்ட்டைக் கையால் முறுக்கிப் பாருங்கள். ஷாஃப்ட் வளைந்து கொடுக்க உதவும் யூனிவர்சல் ஜாயிண்டில், அதாவது மெக்கானிக்குகள் 'கிராஸ்' என்பதில், ஆட்டம் தெரியக் கூடாது. ஜாயிண்டின் முனைகளை மூடியிருக்கும் கப் ஓரத்தில் செம்பழுப்பாகத் துருப்பொடி ஒட்டியிருந்தால் உள்ளே கிரீஸ் வற்றிவிட்டது என்று அர்த்தம். ஷாஃப்ட் இரண்டு துண்டாக இருந்தால், நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கின் ரப்பரையும் பாருங்கள், கிழிந்திருக்கலாம். கழற்றுவதாக இருந்தால் இணையும் இடத்தில் பெயிண்டால் கோடு போட்டுவிடுங்கள். திசை மாறி மாட்டினால் புதிய உதறல் வந்து சேரும்!

சரி, சீராக ஓடும்போது லேசாக மிதித்தால் மட்டும், கரடுமுரடான பட்டை மேல் ஏறியது போல் அதிர்கிறதா? ஆட்டோமேட்டிக் கியர் என்றால் டார்க் கன்வெர்ட்டர் லாக்கப், அதாவது எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பூட்டும் கிளட்ச், காரணமாக இருக்கலாம். காலியான சாலையில், ஆக்சிலரேட்டரை விடாமல் பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் பிரேக்கைத் தொடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் லாக்கப் விடுபடும். அதிர்வும் அப்போதே நின்றால் கியர் ஆயிலைப் பாருங்கள்.

செக் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் அது மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை. ஸ்பார்க் பிளக், காயில் பக்கம் போங்கள். அதுவரை அழுத்தி ஓட்ட வேண்டாம், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வெந்துவிடும்.